தொட்டுக் காட்டு

ஓலைத் தட்டி ஒன்றே எங்கள் இரு வகுப்புகளுக்கும் இடையில் சுவராக நின்றது. இப்பால் நான் மூன்றாம் வகுப்புக்குச் செய்யுள் சொல்லிக்கொடுப்பேன். அப்பால் ஓர் ஆசிரியை ஒன்றாம் வகுப்புக்கு வாசிக்கக் கற்பிப்பார். காலை மணியிலிருந்து மாலை மணிவரை ஒரே வாசகம் தட்டியின் இடுக்குகள் வழியே என் காதில் விழுந்துகொண்டிருக்கும்.

“எங்க இருக்கு? தொட்டுக் காட்டு மக்கா.”

அந்தக் குரலில் அதட்டல் இராது, கொஞ்சலும் இராது. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் நின்று நினைத்துப் பார்ப்பவரின் குரல் அது. பிள்ளை தொட்டுக் காட்டும். பிறகு, “அப்ப இது?” என்பார். பிள்ளை சரியாகச் சொன்னாலும் அவர் ஆறுதல் அடைந்ததாகத் தெரியாது. சரியான விடைதான் அவரை மேலும் கலங்கச் செய்தது என்று எனக்குப் பல நாள் தோன்றியதுண்டு.

திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சிக் காலம், முப்பதுகளின் நடுப்பகுதி. தக்கலையிலிருந்து வேளிமலைப் பக்கமாகப் பிரியும் மண்சாலையில், தென்னந்தோப்பு ஒன்றின் ஓரமாக எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. மழைக்காலத்தில் கூரையின் ஒழுக்குக்குத் தக்கபடி பிள்ளைகளை நகர்த்தி நகர்த்தி உட்காரவைப்போம். ஒன்றாம் வகுப்பு அவரிடம், மூன்றாம் வகுப்பு என்னிடம், மற்றவை ஹெட்மாஸ்டரிடம்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய சுற்றத்தார் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். பள்ளிக்கூடத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் எவரும் இல்லை என்பது மற்றொன்று. எங்களுக்கு அவர் டீச்சர். பிள்ளைகளின் தாய்மார்களுக்கு எதிரில் டீச்சர், முதுகுக்குப் பின்னால் வெப்ராளக்காரி. ஓயாமல் பதறிக்கொண்டிருப்பவரை எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள்.

பதறுவதற்கு அவருக்குக் கண்முன் ஒரு காரணமும் இருந்தது. ஒன்றாம் வகுப்புக்கு உரிய ஆசிரியை பிரசவத்துக்குப் போனவர் திரும்பி வராமல் வேலையை விட்டுவிட்டார். அந்த இடத்தில் தற்காலிகமாக வந்தவர் இவர். ஆண்டு முடிவில் நாகர்கோவிலிலிருந்து இன்ஸ்பெக்டர் வருவார். வகுப்பை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அவர் நல்லபடி அறிக்கை எழுதினால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் வேறு ஆள். முப்பது வயதைக் கடந்தும் மணமாகாத அவரும், எழுந்து நடமாடாமல் வீட்டோடு கிடந்த அவருடைய தகப்பனாரும் அந்தச் சம்பளத்தைக் கொண்டுதான் உலை வைத்தார்கள். இது ஊர் அறிந்த செய்தி. ஆகவே அவர் நெற்றிச் சுருக்கத்துக்கு இதுவே காரணம் என்று நானும் முதலில் நினைத்தேன். அந்தச் சுருக்கம் வேலைக்கு முன்பே வந்தது என்று தெரிந்துகொள்ள நாளாயிற்று.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் செவி பொல்லாத செவி. ஒருமுறை கேட்டதை விடாது. கோவிலிலும் வீட்டிலும் வயலிலும் ஒருவர் சொல்ல மற்றவர் வாங்கிச் சொல்வதே வழக்கம். அண்ணன் ஒன்றாம் வகுப்பில் உரக்கப் படிக்கும்போது தம்பி தொட்டிலில் கிடந்து கேட்பான். அவன் பள்ளிக்கு வரும் நாளில் ஒன்றாம் பாடபுத்தகம் முழுவதும் அட்டை முதல் அட்டை வரை அவன் நாவில் இருக்கும். எழுத்து ஒன்றும் தெரியாது. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, தலையை ஆட்டி, ராகம் போட்டுச் சொல்லி முடித்துவிடுவான். பெற்றோர் மகிழ்வார்கள். அதற்கு வாசிப்பு என்றே பெயர்.

அவர் வந்த புதிதில் வண்டிக்காரர் மகன் ஒருவன் இப்படித்தான் முதற்பாடத்தைத் தங்குதடை இல்லாமல் ஒப்பித்தான். வகுப்பே கை தட்டிற்று. அவர் மட்டும் குனிந்து பார்த்தார். அவன் கையில் புத்தகம் தலைகீழாக இருந்தது.

“மக்கா, புத்தகம் தலைகீழா இருக்கே.”

“பரவாயில்ல டீச்சரே. எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும்.”

தட்டிக்கு இப்பால் என் வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அன்று மதியம் அவர் சோற்றைத் திறக்கவில்லை. கிணற்றடியில் நின்று கைகளைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஒரு பலாவிலையோடு வந்தார். இலையின் நடுவில் ஓர் எழுத்து அளவுக்குத் துளை வெட்டியிருந்தது. இலையைப் பக்கத்தின்மேல் வைப்பார். துளைக்குள் ஓர் எழுத்து மட்டும் தெரியும், மற்றதெல்லாம் பச்சை. இலையை இங்கும் அங்கும் நகர்த்தி, “இது? இது?” என்பார். முன்வரியும் பின்வரியும் மறைந்துவிட்டால் நாவுக்குப் பிடிமானம் இல்லை. மடமடவென்று ஒப்பித்த பிள்ளைகள் ஆற்றில் கால் எட்டாதவர்களைப் போல விழித்தார்கள். இலை வாடினால் மறுநாள் வேறு இலை. பள்ளிக்கூடத்துப் பலாமரத்தின் கீழ்க்கிளைகள் அந்த ஆண்டு மொட்டையாகிப் போயின.

இலையும் போதவில்லை அவருக்கு. பாடத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல்லுக்கு வாசிக்கச் சொல்வார். தேங்காய்ச் சிரட்டையில் பிள்ளைகள் கொண்டுவரும் மணலைப் பரப்பி, ஒரு சொல்லை எழுதி, பாதியைக் கையால் அழித்துவிட்டு, “இப்ப என்ன மிச்சம்?” என்பார். தக்கலைச் சந்தைக்குப் போன இடத்திலும் விடமாட்டார். பஸ்ஸின் நெற்றியில் இருந்த பலகையைக் காட்டி ஒரு பிள்ளையிடம் கேட்டிருக்கிறார். “தக்கலை” என்றது பிள்ளை. தக்கலையில் நிற்கும் பஸ் வேறு எந்த ஊர் பஸ்ஸாக இருக்கும்? அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. யானைத் துதிக்கைபோல் வளைந்த அந்நாள் ‘லை’ எங்கே என்று காட்டச் சொல்லி, பிள்ளையைத் தூக்கிப் பிடித்தாராம். கண்டக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பிள்ளை தொட்டுக் காட்டிய பிறகுதான் பஸ் புறப்பட்டது.

பெற்றோர் சும்மா இருப்பார்களா? ஒரு நாள் பாய்க் கடைக்காரர் ஒருவர் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

“டீச்சரே, எனக்க பிள்ள போன வருசம் வீட்டுல இருந்தே புத்தகம் முழுசும் படபடன்னு வாசிச்சவன். உங்ககிட்ட வந்தபொறகு ஒவ்வொரு எழுத்தா நிண்ணு முட்டுகான். நீங்க வல்ல மந்திரமும் போட்டியளா?”

“மந்திரத்த எடுத்துக்கிட்டு இருக்கேன்” என்றார் அவர்.

“எடுத்தது போதும், திரும்பப் போட்டுருங்க. மாப்பிள வீட்டுக்காரங்க முன்ன நாளைக்கு அவனுக்க அக்கா நிச்சயத்துக்கு இவன வாசிக்கச் சொல்லலாம்னு வச்சிருக்கேன். இப்படி விக்கினான்னா, பிள்ளைக்குத் திக்குவாய்னு ஊரு பேசும்.”

டீச்சர் அந்தப் பையனின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு உள்ளே அனுப்பினார். ஆனால் அன்று முழுவதும் தட்டிக்கு அப்பால் குரல் தாழ்ந்தே ஒலித்தது.

எனக்கும் அவருடைய முறையில் முழுமனம் இல்லை. நான் சைவக் குடியில் பிறந்தவன். எழுத்தை அறியும் முன்பே பதிகங்கள் என் நாவில் இருந்தன. விடியலில் என் தந்தை திருநீறு பூசிப் பாடுவார். நான் அவர் மடியில் தூக்கக் கலக்கத்தோடு கிடப்பேன். பாட்டு அப்படியே உள்ளே இறங்கிற்று. அதன் எழுத்தைப் பின்னாளில் கண்டேன். பொருளை அதற்கும் பின்னாளில் ஒரு துயரத்தின்போது கண்டேன். செவிவழி வந்ததை இழிவாக எண்ண என்னால் இயலாது. இறைவன் திருமுன் நின்றவர்களில் எத்தனை பேர் ஏட்டைப் பார்த்துப் பாடினார்கள்? உணவு வேளையில் ஒரு நாள் இதை அவரிடம் சொன்னேன்.

“பாட்டு முதல்ல உள்ள இறங்கட்டும் டீச்சரே. கண்ணு பையத் திறந்துக்கிடும். நீ வாசிச்சுப் பாடினியா, கேட்டுப் பாடினியான்னு சாமி கேக்கவா போறாரு?”

“சாமி கேக்கமாட்டாரு சாரே” என்றார். “கெணறு கேக்கும்.”

விளங்காமல் பார்த்தேன். அப்போதுதான் அவர் தம் வீட்டுக் கதையைச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கையில் இருந்த பலாவிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சொன்னார்.

அவருடைய தகப்பனார் ஏடு வாசிப்பவர். எங்கள் பக்கத்து அம்மன் கோவில்களில் கொடைத் திருவிழா நாட்களில் பனையோலை ஏட்டை மணைப் பலகைமேல் வைத்து, அம்மன் கதையை ராகத்தோடு வாசிப்பார்கள். கதையில் குழந்தை பிறக்கும் இடம் வந்தால் பெண்கள் குரவையிடுவார்கள். அவர் வாசித்தால் கல்லும் கசியும் என்று பேர். அந்த ஏட்டைத் தம் தந்தை வாசிக்க, பக்கத்தில் அமர்ந்து கேட்டுக் கேட்டு ஏற்றவர் அவர். எந்த அடியில் ஓலையைப் புரட்டுவது என்பதுகூடச் செவிவழியே வந்தது. ஊர் அவரை வாசிக்கத் தெரிந்தவர் என்றது. அவரும் அவ்வாறே நம்பினார்.

“ஒரு வருசம் பேதி வந்துது சாரே. நான் அப்ப நாகர்கோவில்ல போர்டிங்ல நின்னு படிக்கேன். சர்க்கார் ஆளு வந்து ஊர்க் கெணத்துச் சொவர்ல ஒரு கடதாசி ஒட்டிட்டுப் போயிட்டான். நிண்ணு ரெண்டு வார்த்தை பறயக்கூட அவனுக்கு நேரமில்ல. பொம்பளைய எல்லாம் கொடத்த வச்சிட்டு அப்பாவ விளிச்சாவ. அப்பா வந்து பாத்தாரு. முத்திரை இருக்கு. அந்தச் சொவர்ல அதுக்கு முன்ன ஒட்டினதெல்லாம் வரிக் கடதாசி. ‘வரி கட்டச் சொல்லி வந்திருக்கு, நீங்க தண்ணி கோருங்க’ன்னாரு.”

பலாவிலையைத் தரையில் வைத்தார்.

“அப்பா பொய் சொல்லல்ல சாரே. தனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு அவருக்கே தெரியாது.”

அன்று கோரிய தண்ணீரைக் குடித்தவர்களில் அவருடைய தாயும் ஒருவர். செய்தி கேட்டு ஊர் திரும்பிய மகள், கிணற்றுச் சுவரில் பாதி கிழிந்து தொங்கிய தாளை வாசித்தார். இந்தக் கிணற்றில் நோய் இருக்கிறது, எவரும் நீர் எடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. அந்தத் தெருவில் அதை வாசித்த முதல் ஆள் அவர்தான். தகப்பனாரிடம் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று எண்ணினாராம்.

“அடுத்த கொடைக்கு ஏட்ட எடுத்து மணையில வச்சாரு. ஊரு முழுக்க இருக்கு. என்னால பாத்துட்டு இருக்க முடியல்ல. பக்கத்துல போய்க் குனிஞ்சு, ‘எங்க இருக்குப்பா, தொட்டுக் காட்டுங்க’ன்னேன்.”

தகப்பனார் விரலை ஏட்டின்மேல் வைத்தாராம். விரல் நின்ற இடத்தில் நாவில் இருந்த சொல் இல்லை. மகள் அருகில் குனிந்து சொன்னதை வேறு யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்றோடு அவர் ஏட்டைத் தொடவில்லை. வீட்டைவிட்டு வெளியே வருவதும் நின்றுபோயிற்று.

என் நாவுக்குள் எத்தனையோ ஆறுதல் மொழிகள் எழுந்தன. எல்லாம் மனப்பாடமாக வந்தவை. சொல்லாமல் இருந்துவிட்டேன். அதன்பின் அந்தக் கேள்வி தட்டியைக் கடந்து வரும்போதெல்லாம் நான் பாதிச் செய்யுளில் நின்றுவிடுவேன். அந்த அம்மையார் எழுத்தை மட்டும் கேட்கவில்லை என்பதை நான் அறிந்துவிட்டேன்.

மாதங்கள் கழிந்தன. பிள்ளைகள் உண்மையாகவே வாசிக்கத் தொடங்கினார்கள். அந்த வாசிப்பைக் கேட்கச் சகிக்காது என்பதுதான் வந்த இடர். ஒப்பிக்கும் பிள்ளை குயில். எழுத்துக் கூட்டும் பிள்ளை சக்கரம் உடைந்த வண்டி. இன்ஸ்பெக்டர் வரும் நாள் நெருங்கிய வேளையில் ஹெட்மாஸ்டர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். தட்டியை நோக்கித் தலையைச் சாய்த்தார்.

“ஓய், அந்தப் பக்கம் என்ன நடக்கு? பிள்ளையளு படிக்குதா, விக்கலெடுக்குதா?”

“வாசிக்குது சார். உள்ளபடியே வாசிக்குது.”

“உள்ளபடி வாசிச்சு என்ன செய்ய? வாரும் இங்க.”

எங்கள் இருவரையும் பலாமரத்தடிக்கு அழைத்துப் போனார். கெட்ட மனிதர் அல்லர். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்தன. பள்ளிக்கூடத்தின் பேர் கெடாமல் இறங்கிவிட வேண்டும் என்ற ஒரே கவலை அவருக்கு.

“டீச்சரே, நான் எத்தனையோ இன்ஸ்பெக்டரப் பாத்தவன். இவருக்குக் காது மட்டுந்தான் வேலை செய்யும். கண்ணு டைரியிலயும் எளநியிலயும் இருக்கும். நாலாம் பாடத்த எல்லாரும் சேந்து ஒரே ராகத்தில சொல்லட்டும். அவரு கொள்ளாம், நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போயிருவாரு. பொறகு நீங்க ஆயுசு முழுக்க எலைய வச்சு நகத்துங்க, யாரு கேக்கா?”

“அது வாசிப்பில்ல சார்.”

“உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா? மொதல்ல அதச் சொல்லுங்க.”

அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். “வேணும்” என்றார்.

“அப்ப இன்னொண்ணு. அந்தப் பனையேறிக்க மவ, ராகத்துக்கு நடுவுல முட்டுகவ, அண்ணைக்கு வராண்டாம். வயத்துவலின்னு வீட்டுல இருக்கட்டும். நான் ஆளு விட்டுச் சொல்லிருகேன்.”

அந்தச் சிறுமியை நான் தட்டி வழியே அறிவேன். அவளுக்கு எதுவும் மனத்தில் நிற்காது. வீட்டில் மாலைப் பிரார்த்தனைப் பாட்டிலும் இரண்டாம் அடியில் நின்றுவிடுவாளாம். மந்தபுத்தி என்று வீட்டாரே முடிவு கட்டியிருந்தார்கள். நினைவு துணைக்கு வராததால் அவள் எழுத்தையே பற்றிக்கொண்டாள். அவள் ஒருத்தியிடம் மட்டும் டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவள் விரல் முன்னமே எழுத்தின்மேல் இருக்கும்.

மறுநாள் முதல் தட்டிக்கு அப்பால் நாலாம் பாடம் ஒரே குரலாக எழுந்தது. ஏற்றமும் இறக்கமுமாக, கேட்க இனிமையாக இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள்கூடத் தாளம் போட்டார்கள். அவர் வேலை இனி நிலைக்கும் என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். மாலையில் அவர் வெளியே வந்தபோது காய்ச்சல் கண்டவர்போல் உதடு வெளிறியிருந்தது.

“இன்னைக்குக் கேக்க நல்லா இருந்துதா சாரே?”

“நல்லா இருந்துது டீச்சரே.”

“ஒரு பிள்ளயும் வாசிக்கல்ல” என்றார். “அப்பாவக் கேட்ட மாதிரியே இருந்துது.”

அப்படியே நடந்துவிட்டார். அன்று இரவு வழிபாட்டில் எனக்குப் பாட்டில் மனம் நிற்கவில்லை. ஒவ்வோர் அடியிலும், நான் இதை அறிந்து பாடுகிறேனா என்று ஒரு ஐயம் குறுக்கே வந்தது.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் வந்தது. முற்றத்தில் சாணம் தெளித்து, வாசலில் குருத்தோலை கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் எண்ணெய் வழியும் தலையோடு வரிசையாக அமர்ந்திருந்தார்கள். அப்போது பனையேறியின் மனைவி மகளை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

“டீச்சரே, இவளுக்கு வயத்துவலி, வராண்டாம்னு ஆளு விட்டியளாமே? இவளுக்கு ஒரு வலியுமில்ல. காலத்த ரெண்டு செரட்ட கஞ்சி குடிச்சுட்டுத்தான் நிக்கா. ஏட்டி, சொல்லுட்டி டீச்சர்கிட்ட.”

“வலிக்கல்ல டீச்சரே” என்றது குழந்தை.

ஹெட்மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். டீச்சர் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்.

இன்ஸ்பெக்டர் சாந்தமான மனிதர். நல்ல வெள்ளைக் கோட்டு, குளிர்ந்த குரல். ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்கினார். என் வகுப்பைப் பேசாதிருக்கச் சொல்லிவிட்டுத் தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்து நின்றேன். நாலாம் பாடம் எழுந்தது. பிள்ளைகள் புத்தகத்தைப் பிடித்திருந்தார்கள். ராகம் ஓரிடத்திலும் பிசகவில்லை. கடைசி வரிசையில் அந்தச் சிறுமி மட்டும் மற்றவர்கள் பாதிப் பாடத்தைக் கடந்தபின்னும் முதல் வரியில் விரலோடு நின்றாள். அவள் குரல் எல்லார் குரலிலும் மூழ்கிப்போயிற்று.

“கொள்ளாம், கொள்ளாம்” என்றார் இன்ஸ்பெக்டர். பேனாவின் மூடியைத் திருகினார். நான் ஐந்தெழுத்தை உள்ளே சொல்லிக்கொண்டேன். எழுதிவிடட்டும், இறைவா, இந்த ஒருவரி எழுதிவிடட்டும்.

“ஐயா” என்றார் டீச்சர்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

“இது பிள்ளையளு வாசிச்சதில்ல ஐயா. மனப்பாடம். நான் சொல்லவச்சது. நீங்க வேற பக்கம் எடுத்துக் குடுங்க. வாசிப்பாவ. கொஞ்சம் நேரமாகும்.”

ஹெட்மாஸ்டருக்கு இருமல் வந்தது. நல்லபடி முடிந்த ஒன்றை ஒரு தற்காலிக ஆசிரியை தன் கையாலேயே கலைப்பதை இன்ஸ்பெக்டர் எப்படி எடுத்துக்கொள்வது என்று அறியாதவர்போல் பேனாவை மறுபடி மூடினார். பிறகு புத்தகத்தின் பின்பகுதியில், வகுப்பு இன்னும் தொடாத ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார். டீச்சர் கடைசி வரிசையிலிருந்து அந்தச் சிறுமியை அழைத்தார்.

குழந்தை விரலை வைத்தது. “கு... ட்... டி. குட்டி. ஆ... டு. ஆடு. குட்டி ஆடு. வே... லி... யை. வேலியை...”

ஒவ்வோர் எழுத்துக்கும் இடையில் ஒரு யுகம் சென்றது. வெளியே தென்னையில் ஓர் அணில் விடாமல் கத்திற்று. இன்ஸ்பெக்டர் கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், பையில் வைத்தார், மறுபடி எடுத்தார். முதல் வாக்கியம் முடியவில்லை.

“மதி, மதி, போதும்” என்று எழுந்துகொண்டார்.

தட்டியைச் சுற்றி என் வகுப்புக்குள் தலையை நீட்டி, பார்த்தேன் என்பதுபோல் தலையசைத்துவிட்டு ஹெட்மாஸ்டரின் அறைக்குப் போனார். இளநீர் வெட்டும் ஓசை கேட்டது. அதிக நேரம் ஆகவில்லை. மாட்டுவண்டி புறப்பட்டது. ஹெட்மாஸ்டர் என்னை முற்றத்துக்கு அழைத்தார். கையில் வெட்டுக்கத்தியை வைக்க மறந்து பிடித்திருந்தார்.

“எழுதிட்டாரு ஓய். வாசிப்பில ஓட்டமில்லன்னு எழுதிட்டாரு. அடுத்த மாசம் வேற ஆளு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேட்டீரா? கையில கெடச்சதக் கிணத்துல போட்டாளே, பாவி மனுசி.” கத்தி பிடித்த கையாலேயே கண்ணைத் துடைக்கப்போய் நிறுத்திக்கொண்டார். “நீரே போய்ச் சொல்லும். என்னால அந்த முகத்தப் பாக்க முடியாது.”

என்னாலும் முடியாது. ஆயினும் போனேன். எந்தச் சொல்லில் தொடங்குவது, தகப்பனாரைப் பற்றிக் கேட்பதா, வேறு பள்ளியில் விசாரிக்கலாம் என்பதா என்று நடக்கும்போதே அடுக்கிக்கொண்டு போனேன். தட்டியைக் கடந்து அவர் வகுப்புக்குள் காலை வைத்தேன்.

குழந்தை இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது. பெரியவர்கள் எழுந்து போனதோ, வண்டி புறப்பட்டதோ அதற்குத் தெரியவில்லை. நிறுத்து என்று அதனிடம் எவரும் சொல்லவில்லை. பிள்ளைகள் சுற்றிலும் குவிந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் தரையில் மண்டியிட்டு, குழந்தையின் விரல் போகும் வழியே தம் கண்ணையும் கொண்டுபோனார். என் காலடி கேட்டு, திரும்பாமலே கையை உயர்த்தினார். நான் நின்றுவிட்டேன்.

“வே... லி... யி... ல். வேலியில். ஒ... ரு. ஒரு. து... ளை. துளை. இ... ரு... ந்... த... து. வேலியில் ஒரு துளை இருந்தது.”

பக்கம் முடிந்தது. குழந்தை நிமிர்ந்து பார்த்தது. முகமெல்லாம் வியர்வை.

“டீச்சரே, அப்ப ஆடு அது வழியாப் போச்சா?”

அது வாசித்ததால் பிறந்த கேள்வி என்று எனக்குத் தோன்றிற்று. ஒப்பிக்கும் பிள்ளை அதைக் கேட்காது. அதற்கு எல்லாம் முன்பே தெரியும். டீச்சரின் நெற்றியை நான் பார்த்தேன். அந்தச் சுருக்கத்தைக் காணவில்லை.

“எனக்கு எப்படித் தெரியும் மக்கா? நீ தாள மறிச்சுப் பாரு.”

குழந்தை விரலை நாவில் தொட்டுத் தாளைப் புரட்டியது. பிள்ளைகளின் தலைகள் இன்னும் நெருங்கின. சொல்லவேண்டிய செய்தியை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அந்த ஆட்டுக்கு என்ன ஆயிற்று என்று அறிய நானும் நின்றேன்.